டைம்டேபிள் கேட்ட என் பொண்ணுக்கு

அம்மு,

உன்னையும் தம்பியையும் ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்லயே படிக்க வச்சப்ப, நீ போன்ல கேட்ட டைம்டேபிள் நம்ம வீட்ல இருந்ததே இல்லம்மா. காலைல எத்தனை மணிக்கு என்ன பாடம், எந்த வயசுல எந்த புக்கு, ஒரு நாளைக்கு எத்தனை பக்கம்னு லிஸ்ட் போட்டு அனுப்பும்மான்னு கேட்ட. நானும் உக்காந்து யோசிச்சு பாத்தேன், மாறாம தெனமும் நடந்தது ஒண்ணே ஒண்ணுதான், மத்தியானம் சாப்ட்டு பாத்திரத்த ஒதுக்கி வச்சிட்டு நான் திண்ணைல உக்காந்து சத்தமா படிப்பேன், நீயும் தம்பியும் கேப்பீங்க, அப்பாயி கண்ண மூடிக்கிட்டு கேப்பாங்க. மத்ததெல்லாம் வயல் வேலைய பொறுத்து, மழைய பொறுத்து, உங்க ரெண்டு பேரு மனச பொறுத்து மாறிக்கிட்டே இருந்துச்சு. குட்டிய ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்லயே வச்சு சொல்லிக் குடுக்கலாம்னு நீயும் மாப்ளையும் முடிவு பண்ணதுல எனக்கு எவ்ளோ சந்தோஷம்னு போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதுறேன்.

சத்தமா படிக்கறது ஏன் முக்கியம்னு மொதல்ல சொல்லிடறேன். அஞ்சு வயசு பிள்ளைக்கு காதுல புரியறது ரொம்ப ஜாஸ்தி, கண்ணால எழுத்துக்கூட்டி படிக்கறப்ப அதுல பாதி கூட புரியாது, ஏன்னா எழுத்த பிடிக்கவே அதோட மொத்த சக்தியும் போயிடுது, கதை கைநழுவி போயிடும். நாம படிச்சு காட்டுனா எழுத்து வேலைய நாம பாத்துக்கறோம், பிள்ளைக்கு கதை முழுசா கெடைக்குது, பெரிய பெரிய வாக்கியம் எப்படி ஆரம்பிச்சு எங்க போய் முடியுதுங்கறது காதுல பதிஞ்சிடுது. அதனால தானா படிக்க வந்துருச்சேன்னு நிப்பாட்டிடாத. நீயெல்லாம் தாவணி போட்டதுக்கு அப்பறமும் கேட்டவ. போன்ல கதை போட்டு விட்டா போதாதான்னு மாப்ள கேட்டாராம்ல, போடட்டும், வேணாங்கல, ஆனா போன் நடுவுல நிறுத்தி "இரும்மா, அவன் ஏன் பொய் சொன்னான்"னு கேட்டா பதில் சொல்லாது.

எந்த புக்கு படிச்சோம்னு கேட்டல்ல. பாதிக்கு மேல அப்பாயியோட பைண்டு வால்யூம்தான். வாரப் பத்திரிகைல வந்த தொடர்கதைய கிழிச்சு சேத்து ஊசி நூல் போட்டு தச்சு வச்சிருந்தாங்களே, நடுவுல பல்பொடி விளம்பரம், சமையல் குறிப்பு எல்லாம் சேந்து வரும், நீ விளம்பரத்தையும் விடாம படிக்க சொல்லுவ. அதுல பழைய எழுத்து. 1978ல கவர்மெண்டு எழுத்த மாத்தறதுக்கு முன்னாடி அச்சானது, லை, னை எல்லாம் தும்பிக்கை தூக்கிட்டு நிக்கும், றா, னா எல்லாம் சுழிச்சுக்கிட்டு கெடக்கும். நீ அந்த "னை"ய பாத்துட்டு "இது யாருது"ன்னு கேட்ட, அப்பாயி உன் வெரல பிடிச்சு பக்கத்து மேல வச்சு வரைய வச்சாங்க, அன்னிக்கு முழுக்க நீ மண்ணுல, மாவுல, தம்பி முதுகுலன்னு தும்பிக்கை எழுத்தா போட்டுட்டு திரிஞ்ச. அப்பறம் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு போனப்ப செவுத்துல இருக்கற ராஜராஜன் காலத்து கல்வெட்டுல தெரிஞ்ச எழுத்து எதாச்சும் இருக்கான்னு நீயும் தம்பியும் தேடுனீங்க. அந்த கல்வெட்டுல 400 தளிச்சேரிப் பெண்டுகள், அதான் கோயில்ல ஆடுன பொண்ணுங்க பேரு இருக்கு, எந்த தெரு, தெருவுல எந்த சிறகு, அதாவது எந்த பக்கத்து வரிசை, எத்தனாவது வீடுன்னு அட்ரஸ் மாதிரியே வெட்டி வச்சிருக்கான்னு அப்பா சொன்னதும் நீ வாய மூடல, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்தவங்க வீட்டு அட்ரஸ் எனக்கு தெரியும்னு ஊர் பூரா சொல்லிட்டு வந்த.

இப்ப ரொம்ப முக்கியமானத சொல்றேன், மத்தத மறந்தாலும் இத மட்டும் மறக்காத. படிச்சு முடிச்சதும் குட்டிகிட்ட கேள்வி கேக்காத. இந்த கதைல இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட, ராஜா பேரு என்ன, நீதி என்னன்னு ஒண்ணும் கேக்காத. கேள்வி வரும்னு தெரிஞ்சா பிள்ளை அடுத்த தடவை கேள்விக்காக கேக்கும், கதைக்காக கேக்காது. புக்க மூடு, எழுந்திரு, வேலைய பாரு. அது உள்ள என்ன பண்ணுதுன்னு நமக்கு தெரியணும்னு அவசியமே இல்ல. ஒரு தடவை தொடர்கதைல ஆள் ஆத்த நீந்தி தப்பிச்சு போயிடறான், நான் படிச்சு முடிச்சேன், நீ ஒண்ணும் பேசல, சரி தூக்கம் போலன்னு நெனச்சேன். கொஞ்ச நாள் கழிச்சு முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்கோம், நீ காம்ப கையில வச்சுக்கிட்டு "அந்த குதிரைய கரையிலயே விட்டுட்டு போனானே, அதுக்கு யாரும்மா தண்ணி காட்டுவா"ன்னு கேட்ட. அத எழுதுனவரே அந்த குதிரைய மறந்திருப்பாரு. நான் கேள்வித்தாள் போட்டிருந்தா இந்த கேள்வி எனக்கு கெடச்சிருக்குமா சொல்லு. அன்னிக்கு கீரை ஆயுறத விட்டுட்டு நீயும் நானும் அந்த குதிரைக்கு ஒரு எசமான தேடி பிடிச்சு குடுத்தோம்.

படிக்கறதுன்னா கதை புக்கு மட்டும்னு நெனச்சிடாதடி. உனக்கு கணக்கு வந்ததே பேப்பர்ல வர்ற மேட்டூர் நீர்மட்டம் பொட்டியிலதான். அப்பா காலைல டீய வச்சுக்கிட்டு மொதல்ல அததான் பாப்பாரு, நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எவ்ளோ கன அடி, வெளியேத்தம் எவ்ளோன்னு, நீ மடியில உக்காந்து வெரல் வச்சு படிப்ப. பழைய காலண்டர் தாள் பின்னாடி கோடு போட்டு தெனம் ஒரு புள்ளி வச்ச. முழு கொள்ளளவு 120 அடின்னு மேல ஒரு சிவப்பு கோடு. 2002லயும் 2003லயும் வழக்கமா தொறக்கற ஜூன் 12க்கு தண்ணி தொறக்கல, குறுவை போச்சு, உன் புள்ளி சிவப்பு கோட்டுக்கு ரொம்ப கீழ கெடந்துச்சு, நீ தெனம் அத பாத்துட்டு அப்பா மூஞ்சிய பாப்ப. அதுல இருந்துதான் கிருஷ்ணராஜ சாகர், கபினின்னு மேல இருக்கற அணை பேரெல்லாம் தேடி படிச்ச, மேப்புல தலக்காவேரியில ஆரம்பிச்சு பூம்புகார் வரைக்கும் வெரல ஓட்டுன, டி.எம்.சி.ன்னா என்னன்னு கேட்டு நூறு கோடி கன அடின்னு அப்பா சொன்னதும் நூறு கோடிக்கு எத்தனை சைபர்னு எழுதி பாத்த. 2007 பிப்ரவரில காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு குடுத்து தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி.ன்னு வந்தப்ப பேப்பர்ல அந்த பக்கம் முழுசையும் நீதான் எங்களுக்கு சத்தமா படிச்சு காட்டுன, அப்பாயி நடு நடுவுல நிறுத்தி கேள்வி கேட்டாங்க, நீ பதில் சொன்ன. எனக்கு அன்னிக்கு இருந்த பெருமை இப்ப வரைக்கும் கொறையல.

தம்பி கதை வேற. நீ நாலு வயசுல படிச்சுட்ட, அவன் ஒம்போது வயசு வரைக்கும் புக்க தொடல. சொந்தக்காரங்க எல்லாம் பயமுறுத்துனாங்க, கல்யாண வீட்ல வச்சு அவன்கிட்ட போர்டு படிக்க சொல்லி சோதிச்சாங்க. அப்பாவும் நானும் அசையல, ஏன்னா மத்தியானக் கதைய அவன் ஒரு நாளும் விட்டதில்ல, முந்தின நாள் எங்க நிறுத்துனோம்னு எனக்கு மறந்தாலும் அவன் வார்த்தை மாறாம சொல்லுவான், அந்த பிள்ளைக்கு படிப்பு வராம எங்க போகும். கடைசில உர மூட்டையில ஆரம்பிச்சான். டிஏபி மூட்டை மேல 18, 46ன்னு போட்டிருக்கே அது என்னன்னு அப்பாகிட்ட கேட்டு, தழைச்சத்து, மணிச்சத்துன்னு தெரிஞ்சுக்கிட்டு, அப்பறம் விதை பாக்கெட்டு, பம்புசெட்டு ஸ்டார்ட்டர் பொட்டி மேல ஒட்டியிருந்த தாளுன்னு படிச்சு, அந்த வருஷமே உன் புக்க எல்லாம் உன்கிட்ட கேக்காம எடுக்க ஆரம்பிச்சுட்டான், நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டது ஞாபகம் இருக்கும். குட்டி உன்ன மாதிரி இருந்தாலும் இருக்கும், அவன மாதிரி இருந்தாலும் இருக்கும். அவன மாதிரி இருந்தா கதை படிக்கறத மட்டும் விடாத, வயச எண்ணாத.

ஒரு விஷயம் உனக்கு எங்கள விட கஷ்டம். இங்க பஸ்சு போர்டே பாதி பாடம் நடத்திடும், மன்னார்குடி, வடுவூர், தஞ்சாவூர்னு வர்ற பஸ்ச எல்லாம் படிச்சு படிச்சே எழுத்து வந்துரும். நீ இருக்கற புனேல தெருவுல எறங்குனா போர்டெல்லாம் மராத்தி. அதுக்காக குட்டிய தடுக்காத, அது மராத்தி போர்ட படிக்கட்டும், அந்த ஊரு அதுக்கு சொல்லிக் குடுக்கட்டும். ஆனா தமிழ் எழுத்து தெருவுல கெடைக்காதுன்னா வீட்டுக்குள்ள கெடைக்கணும். அரிசி டப்பா, மொளகா டப்பாலருந்து எல்லாத்துலயும் பேரு எழுதி ஒட்டு, மளிகை லிஸ்ட்ட தமிழ்ல எழுதி கடைக்கு குட்டி கையில குடுத்து படிக்க சொல்லு. 247 எழுத்தையும் வரிசையா மனப்பாடம் பண்ண வைக்காத, அதோட பேரு, உன் பேரு, அப்பா பேரு, ரசம், தயிரு, இதுலயே நெறைய எழுத்து வந்துரும். நான் இனிமே குட்டிக்கு தனியா லெட்டர் போடறேன், தபால்லதான் போடுவேன், அதுக்குன்னு பேரு எழுதி வந்தா எந்த பிள்ளையும் பிரிச்சு படிக்காம இருக்காது. இங்கிலீஷ பத்தி கவலையே படாத. நீ இங்கிலீஷ் படிச்சது வடுவூர் ஏரிக்கு போய்தான், கார்த்திகை மார்கழில நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கூட்டமா எறங்கும், அப்பா பழைய புக்கு கடைல வாங்குன பறவை புக்கு இங்கிலீஷ்ல இருந்துச்சு, ஸ்பூன்பில்னு எழுத்துக்கூட்டி படிச்சுட்டு தண்ணிக்குள்ள அதோட வாய பாத்து கத்துன பாரு, பறவை எல்லாம் பறந்துருச்சு.

லைப்ரரி கார்டு இந்த வாரமே போட்டுடு. வீட்ல எவ்ளோ புக்கு இருந்தாலும் பிள்ளை தானா போய் தேடி எடுத்து, பிடிக்கலன்னு திருப்பி வச்சு, வேற எடுக்கற எடம் ஒண்ணு வேணும். நம்ம மன்னார்குடி பக்கம் மேலவாசல்ல 1931லயே மாட்டு வண்டில புக்கு ஏத்திக்கிட்டு ஊர் ஊரா போயிருக்காங்க, அத தொடங்கி வச்சது சீர்காழிக்காரரு எஸ்.ஆர். ரங்கநாதன். அதே வருஷம்தான் அவரு நூலகத்துக்கு அஞ்சு விதின்னு எழுதுனாரு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர்னு அதுல வரும். நம்ம கிளை நூலகத்துல நீ பெரியவங்க புக்கு அலமாரில கை வச்சப்ப அது உனக்கு வயசாகலம்மான்னு நான் சொல்லவே மாட்டேன். எடுப்ப, நாலு பக்கம் படிப்ப, புரியாது, திருப்பி வைப்ப, மறு வருஷம் அதையே எடுத்துட்டு வருவ. குட்டியையும் அப்படியே விடு.

சம்மந்தியம்மா சட்டத்துல எடம் இருக்கான்னு கேட்டாங்கன்னு சொன்ன. அவங்க கேக்கறதுல ஒரு தப்பும் இல்ல, பேத்தி மேல இருக்கற அக்கறை, பொறுமையா சொல்லு. 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்துச்சு, 6லருந்து 14 வயசு வரைக்கும் இலவசக் கட்டாயக் கல்வின்னு சொல்லுது, வீட்ல படிக்கறத பத்தி தனியா ஒண்ணும் சொல்லல. பரீட்சைக்கு என்.ஐ.ஓ.எஸ்.னு மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி இருக்கு, சின்ன பிள்ளைங்களுக்கு ஏ, பி, சின்னு மூணு லெவல், மூணாவது, அஞ்சாவது, எட்டாவதுக்கு சமம். பத்தாவதுக்கு 14 வயசு முடியணும், அஞ்சு சப்ஜெக்ட், ஒரே மூச்சுல எழுதணும்னு இல்ல, அஞ்சு வருஷத்துக்குள்ள பிரிச்சு பிரிச்சு எழுதலாம். நீயே அப்படித்தான் எழுதுன, டியூஷன் கெடையாது, அவங்க அனுப்புன புக்க கதை புக்கு மாதிரி திண்ணைல உக்காந்து படிச்சுட்டு போய் எழுதிட்டு வந்த. அவங்ககிட்ட நீ வேற எதையும் வாதாட வேணாம், மத்தியானம் குட்டிக்கு கதை படிக்கறப்ப அவங்களையும் பக்கத்துல உக்கார சொல்லு, கொஞ்ச நாள்ல அவங்களே படிச்சு காட்ட ஆரம்பிச்சா அதுக்கு மேல நமக்கு என்ன வேணும்.

புக்கு பார்சல் போட்டாச்சு. உன் படக்கதை புக்கெல்லாம் இருக்கு, பைண்டு வால்யூம்ல ரெண்டு மட்டும் அனுப்பிருக்கேன், தாளு உடையுது, குட்டி தனியா தொட வேணாம், நீ படிச்சு காட்டு. பறவை புக்க தம்பி தர மாட்டேன்னு சொல்லிட்டான், நீயே பேசிக்க. மாப்ளைகிட்ட சொல்லி அலமாரி ஒண்ணு அடிக்க சொல்லு, தரையிலருந்து ரெண்டு அடிக்கு மேல வேணாம், குட்டி கை எட்டணும், முதுகு தெரியாம அட்டை தெரியற மாதிரி நிக்க வைக்கற பலகையா இருந்தா நல்லது, படிக்க தெரியாத பிள்ளை அட்டைய பாத்துதான் எடுக்கும். பார்சல் வந்ததும் போன் போடு.

அம்மா