எறியக் கற்ற பிறகு ஆட்டம்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

நலம், நலமறிய ஆவல். தொடக்கப்பள்ளியின் விளையாட்டு வகுப்பு உன் பொறுப்பில் வந்திருப்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். மூன்றாம் வகுப்புக்கு எந்த ஆட்டத்தை முதலில் சொல்லிக்கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். ஆட்டத்தைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, ஓடுவது, தாவுவது, எறிவது, பிடிப்பது ஆகிய அடிப்படைத் திறன்களிலிருந்து தொடங்கு என்பதே என் பதில்.

வயது ஏறினால் இவை தாமாகவே வந்துவிடும் என்று பெற்றோர் மட்டுமல்ல, நம் துறையிலேயே பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. முறையாகச் சொல்லிக்கொடுத்தால் ஆறேழு வயதிலேயே நன்றாக எறியக்கூடிய பிள்ளை, அந்த வாய்ப்புக் கிடைக்காவிட்டால் வளர்ந்து ஆளான பின்பும் முழங்கையை மட்டும் மடக்கி நீட்டியே எறியும்.

உன் பிள்ளைகள் எறியும்போது பக்கவாட்டில் நின்று அவர்கள் கால்களைக் கவனி. வலக்கையால் எறிந்தாலும் முறையாக எறியப் பழகாத பிள்ளைக்கு ஒன்று கால் பெயராது, அல்லது வலக்காலே முன்னே போகும். தேர்ந்த எறிதலில் உடல் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். இடக்காலை முன்னே ஊன்றியதும் இடுப்பும், அதன் பின் தோளும் திரும்ப, கை கடைசியாகத்தான் வரும். பந்தை விட்ட பிறகும் கை நிற்காமல் உடலுக்குக் குறுக்கே இறங்கும். தரையில் சுண்ணாம்பால் பாதச் சுவடு வரைந்துவிட்டால் கால் வைக்கும் இடம் பலருக்கும் பிடிபட்டுவிடும். ஆனால் தொடக்கத்திலேயே சிறிய இலக்கை வைத்துவிடாதே. குறி தவறக் கூடாதென்று பிள்ளை உடலை இறுக்கிக்கொண்டு மெல்லத் தள்ளிவிடும். சுவரை நோக்கி முழு பலத்தோடு எறியச் சொல். குறி பிறகு வரும்.

திறனோடு அசைவுக் கருத்துகளையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். உடலின் எந்தப் பகுதி, எந்தத் திசையில், எவ்வளவு விசையோடு, யாரோடு சேர்ந்து அசைகிறது என்னும் இந்தப் பார்வை, நடன அறிஞர் ருடால்ஃப் லாபனின் பகுப்பிலிருந்து உடற்கல்விக்கு வந்தது. 'ஓடு' என்பதோடு நில்லாமல், குனிந்து ஓடு, வளைந்து ஓடு, ஒருவர்மேலும் இடிக்காமல் ஓடு என்று மாற்றிக்கொண்டே போ. கபடிக்கும் கோ-கோவுக்கும் வேண்டிய உடல்விழிப்பு அங்கேதான் உருவாகிறது.

பாண்டியாட்டத்தை விட்டுவிடாதே. சில்லைக் கட்டத்துக்குள் எறிவது, ஒற்றைக்காலில் தத்துவது, கோட்டை மிதிக்காமல் குனிந்து எடுப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. பையன்களையும் ஆடவை, தத்துவதில் பெண்பிள்ளைகள் முந்தியிருப்பதற்குப் பழக்கமே பெருங்காரணம் என்பது என் எண்ணம்.

உன் வகுப்பில் எத்தனை பேர் எறியும் கைக்கு எதிர்ப்பக்கக் காலை முன்வைத்து எறிகிறார்கள் என்று எண்ணி எழுது. அதை வைத்துத்தான் அடுத்த பருவத்துக்கு என்ன செய்யலாம் என்று நாம் பேச முடியும்.

அன்புடன்,
கதிரேசன்