சித்தப்பாவுக்கு, அந்த முட்டை வண்டியைப் பற்றி

வினிபெக்,
ஆகஸ்ட், ஞாயிறு இரவு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சித்தியின் முட்டிவலி குறைந்ததா?

சென்ற மாதம் தொலைபேசியில் நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "ஏன் பாப்பா, இரண்டு பேரும் சம்பாதிக்கிறீர்கள், புதிதாக ஒரு வண்டி வாங்கக்கூடாதா? எவனோ தூக்கிப்போட்டதை இழுத்துவந்து ஏன் கட்டி அழுகிறீர்கள்?" சிக்னல் சரியில்லை என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குக் கோபம். இரண்டு கோடையாக ஒவ்வொரு சனிக்கிழமையும், எங்களுக்கு இரவு ஒன்பதரை, உங்களுக்கு மறுநாள் காலை எட்டு, ரெசின் என்கிற பிசினுக்கும் மேட் என்கிற கண்ணாடியிழை விரிப்புக்கும் யாரைக் கேட்டுக் கேட்டுச் செய்தோமோ, ஃபைபர் படகு வேலை தெரிந்த அந்த மனிதரே இப்படிக் கேட்டால்?

பதிலை எழுத்தில் வைக்கிறேன். வாயால் சொன்னால் நடுவில் புகுந்து நீங்கள்தான் பேசுவீர்கள். நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது: இதே வண்டியை வாங்கி வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு முழிக்கிற தமிழ்க் குடும்பம் இன்னொன்று இந்தக் கனடாவில் இருக்காதா என்ன?

வீடியோவில் நீங்கள் பார்த்தது பாதிதான். வண்டியின் பெயர் போலர். ஆங்கிலேயர்கள் அணிந்த உருண்டையான கறுப்புத் தொப்பி இருக்கிறதே, அதன் பெயரை ஒட்டி வைத்தது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் குட்டி வீடு, 13 அடி நீளம். இங்கே செல்லமாக முட்டை என்பார்கள். 1968இல் இதே வினிபெக்கில் ரே ஒலெக்கோ என்பவர் உருவாக்கினார். அதற்கு முன் அவர் ஃபைபரில் கழிவுநீர்த் தொட்டி வடிவமைத்தவர். தொட்டியை எடை குறைவாகச் செய்ய முடிந்தால் வண்டியையும் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இதைச் சொன்னபோது, "அப்படியென்றால் கக்கூஸ் தொட்டிக்குள்ளா படுக்கப்போகிறீர்கள்?" என்று பின்னாலிருந்து சித்தி சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஓட்டை வார்க்கும் அச்சு இரண்டு: மேல்பாதி, கீழ்ப்பாதி. சோமாசி மடிப்பது போல இரண்டையும் இடுப்பில் சேர்த்து, உள்ளே மேட்டும் ரெசினும் வைத்து ஒட்டி, வெளியே ஒரு பட்டையால் மூடியிருப்பார்கள். உள்ளே மரச்சட்டம் கிடையாது, ஓடுதான் உடம்பு. அந்தக் காலத்து மற்ற டிரெய்லர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்தவை. தகடு பளபளக்கும், உள்ளே சட்டம் உளுத்துக் கொட்டும். போலர் 1988 வரை சுமார் 10,000 செய்யப்பட்டதாகச் சொல்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டியும் சாலையில் இத்தனை ஓடுகின்றன என்றால் காரணம் இந்த ஓடுதான். கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகு என்று நீங்கள் முதல் நாளே சொன்னீர்கள். அதற்கு மேல் சரியாக யாரும் சொல்லவில்லை.

எங்களுடையது 1974ஆம் ஆண்டுக்காரி. நகரத்துக்கு மேற்கே ஒரு பண்ணையில், மரத்தடியில் இருபது வருடம் சும்மா நின்றவள். 3,200 டாலர். உங்கள் மாப்பிள்ளை பேரம் பேசத் தெரியாதவர் என்பது உங்களுக்குத் தெரியும். கேட்டதைக் கொடுத்துவிட்டு, கூடவே பண்ணைக்காரருக்கு நன்றியும் சொன்னார்.

கதவைத் திறந்ததும் எலி நாற்றம். பெஞ்சுக்கு அடியில் ஒரு கூடு, அதில் பழைய மெத்தைப் பஞ்சு, குருவி இறகு, யாரோ 1980களில் தொலைத்த சீட்டுக்கட்டின் துணுக்குகள். சின்னவன் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினான், பிடித்து நிறுத்தினோம். இங்கே மான் எலி என்று ஒன்று உண்டு. அதன் புழுக்கை காய்ந்து தூசியாகப் பறந்து மூச்சில் போனால் ஹான்டா வைரஸ் தொற்றலாம். பெருக்கவே கூடாது. பிளீச்சிங் கரைசலைத் தெளித்து ஊறவிட்டு, கையுறையோடு துடைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த ஒரு வேலைக்கே இரண்டு நாள் போனது. பிள்ளைகளை வெளியே நிறுத்திவைத்து நானும் அவரும் முகமூடிக்குள் வியர்த்தோம்.

பிறகு தரை. ஓட்டுக்குள் மரம் என்று இருப்பது தரைப்பலகை மட்டும்தான். அதுதான் முதலில் போகும் என்றீர்கள். துணி அலமாரியின் மூலையில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றினேன். டீயில் நனைத்த பன்னில் இறங்குவது போலப் பிடிவரை இறங்கியது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பெரியவள் கண்டுபிடித்தாள். உள்ளே இருக்கும் அலமாரி, ஜன்னல், மேசைக்கால் எல்லாவற்றையும் ஓட்டோடு பிடித்திருப்பவை ரிவெட்டுகள். ஒவ்வொன்றும் வெளித்தோலைத் துளைத்துக்கொண்டு போகிறது. மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. வெயிலில் மூடி வெடித்ததும், ரிவெட்டுக்குள் மிச்சமிருக்கும் இரும்பு ஆணி துருப்பிடித்து, அதிலிருந்து பழுப்பாக ஒரு கோடு வழிகிறது, கண்ணீர் காய்ந்த தடம் மாதிரி. அவள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிவந்து எண்ணினாள்: 137. படகென்றால் நீங்கள் உள்ளே தண்ணீர் ஊற்றி வெளியே கசிவைப் பார்ப்பீர்கள். நாங்கள் தலைகீழ். சின்னவன் வெளியே தோட்டக் குழாயோடு, அவள் உள்ளே டார்ச்சோடு. "அக்கா, இங்கேயா?" "இல்லை, மேலே!" "இங்கேயா?" "டேய், என் முகத்தில்!" அன்று மட்டும் 41 ஓட்டைகளுக்கு வட்டம் போட்டாள்.

அடுத்தது நாங்கள் அசடு வழிந்த பகுதி. சுருக்கமாகச் சொல்லலாம்தான், ஆனால் நீங்கள் ரசிப்பீர்கள்.

கடைக்காரர் ஒருவர், "எபாக்சி ரெசின்தான் இருப்பதிலேயே வலுவானது" என்றார். அதை வாங்கினோம். மேட் நீங்கள் சொன்ன சாதாரண மேட். பூசினால் மேட் நனையவே இல்லை. வெள்ளை வெளேரென்று அவல் மாதிரி நிற்கிறது. ரோலரால் அழுத்தினால் சுருட்டிக்கொண்டு கையோடு வருகிறது. படத்தை அனுப்பினேன். நீங்கள் பார்த்த மாத்திரத்தில், "பாப்பா, மேட்டைத் தின்கிற ரெசினை ஊற்று, இது அதைத் தின்னாது" என்றீர்கள். அதற்கு அர்த்தம் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மேட்டின் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும். எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது. பசை கரையாவிட்டால் இழை படியாது. அதை ஒரே வினைச்சொல்லில் சொல்லிவிட்டீர்கள்.

பாலியெஸ்டர் வாங்கிவந்தோம். "கோபால்ட் எத்தனை சொட்டு விட்டாய்?" என்று கேட்டீர்கள். ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் அந்தத் திரவத்தைத் தேடி மூன்று கடை ஏறி இறங்கினோம். கடைசியில்தான் தெரிந்தது, இங்கே டப்பாவிலேயே கோபால்ட்டைக் கலந்துதான் விற்கிறார்கள். ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் மட்டும் நாம் விட்டால் போதும். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் கலந்தால் வெடிக்கும் என்று நீங்கள் மிரட்டியிருந்ததால், இல்லாத ஒரு பொருளுக்குப் பயந்துகொண்டு ஒரு வாரம் ஓடியது.

இங்கேதான் உங்கள் கணக்கு எங்களுக்கு உதவவில்லை. நம் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை வெயிலில் ரெசினைக் கலந்துவிட்டுத் திரும்புவதற்குள் கோப்பையிலேயே கொதித்துக் கட்டியாகும் என்பீர்கள். ஆகவே கேட்டலிஸ்ட்டைக் குறைத்து விடு என்றீர்கள். இது மே மாதம், வினிபெக். காலையில் எட்டு டிகிரி. விட்டது விட்டபடி மறுநாளும் பிசுபிசுவென்று இருந்தது, ஆறிப்போன பாகு மாதிரி. உங்கள் மாப்பிள்ளை அறை ஹீட்டரை இழுத்துவந்து பக்கத்தில் வைத்தார்; ஸ்டைரீன் ஆவி தீப்பிடிக்கும் என்று நான் கத்தி எடுக்கச் சொன்னேன். அந்த வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஜூன் இறுதியில் 25 டிகிரி வந்ததும் ஒரே மதியத்தில் கல்லாக இறுகியது. ஆண்டுக்கு மூன்றரை மாதம்தான் ரெசின் வேலைக்கு ஏற்ற காலம் என்பதால்தான் இரண்டு கோடை. சோம்பேறித்தனம் இல்லை.

அரைத்த தூசியில் உடம்பெல்லாம் அரித்தபோது, "வெந்நீர் கூடாது, பச்சைத் தண்ணீரில் குளி" என்றீர்கள். இந்த ஊர்க் குழாயில் பச்சைத் தண்ணீர் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. குளித்தேன்.

அடிச்சட்டத்தையும் சக்கர அச்சையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இந்த வண்டிகளுக்கு முன்பக்கம், இழுவைக் கம்பி வளையும் இடத்தில் சட்டம் விரிவது வழக்கம், எங்களுடையதிலும் விரிந்திருந்தது. வெல்டரிடம் விட்டு இரும்பு சேர்த்துப் பலப்படுத்தினோம். அச்சில் ஸ்பிரிங் கிடையாது, இரும்புக் குழாய்க்குள் ரப்பர்தான். ரப்பர் செத்தால் சீர்படுத்த வழியில்லை, புது அச்சுதான். சில உதிரிகள் அமெரிக்காவில் மினசோட்டாவின் பேக்கஸ் என்ற சிற்றூரிலிருந்து வந்தன. போலரின் உடன்பிறப்பு மாதிரியான ஸ்கேம்ப் வண்டிகளை அங்கே இன்றும் செய்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான இடங்களில் கைப்பழக்கம் பார்க்கக்கூடாது என்று நீங்களே சொல்வீர்கள், பணத்தைக் கொடுத்துவிட்டோம். எல்லாம் சேர்த்து இதுவரை இன்னும் 4,700 டாலர். இந்த எண்ணை அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு கட்டுமரம் போய் நிவாரணத்தில் ஃபைபர் படகு வந்தபோது, அதைப் பிளாஸ்டிக் வாளி என்று திட்டினீர்கள். வாளியில் மீன் கொண்டுவரலாம், வாளியில் ஏறிப் போகிறவன் உண்டா என்று கேட்டீர்கள். நான் அப்போது பத்தாம் வகுப்பு. அடுத்த வருடமே படகுப் பட்டறையில் போய் நின்று அந்த வேலையைக் கற்றுக்கொண்டதும் நீங்கள்தான். ஒருமுறை முகத்துவாரத்துக் கல்லில் மோதி அணியம் என்கிற முன்முனை பிளந்த படகு ஒன்று வந்தது. சொந்தக்காரரே, "விடுங்கள், எரித்துவிடலாம்" என்றார். நீங்கள் பதில் பேசவில்லை. கடுவையாற்றுக் கரையில் ஒரு சாக்கை விரித்துப்போட்டு, படகைச் சுற்றி விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தீர்கள். நல்ல இடத்தில் டங் என்றது, செத்த இடத்தில் பொத் என்றது. செத்த இடத்துக்கெல்லாம் கரிக்கட்டியால் கோடு போட்டீர்கள். கோடு கால்வாசிகூட வரவில்லை. "முக்கால்வாசி உயிரோடு இருப்பதை எப்படி எரிப்பது?" என்று அவரைக் கேட்டீர்கள். அவருக்கும் பதில் இல்லை. படகு கடலுக்குப் போனது.

பண்ணையில் அந்த மரத்தடியில் நின்றபோது எனக்கு அது ஞாபகம் வந்தது என்று சொன்னால் பொய். அன்று எனக்கு வண்டியின் உருண்டை வடிவம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் வாங்குவதற்கு முன் என் கை தானாகப் போய்ச் சுற்றிலும் தட்டிப் பார்த்தது. பண்ணைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எல்லா இடமும் டங். இடுப்புப் பட்டைக்குக் கீழே, பின்பக்கம், ஒரு முழம் மட்டும் பொத். ஆகவே, எவனோ தூக்கிப்போட்டதை ஏன் இழுத்துவந்தாய் என்று என்னைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை, சித்தப்பா. வேறு யார் கேட்டாலும் விளக்கம் சொல்லியிருப்பேன்.

போன வாரம் முதல் பயணம் போனோம். வடக்கே கிம்லி. ஐஸ்லாந்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய மீன்பிடி ஊர், வினிபெக் ஏரிக்கரையில். ஏரி என்றால் நம் ஊர் ஏரி இல்லை. அக்கரை தெரியாது, அலை அடிக்கிறது. காலையில் படகுத்துறையில் வலை காயப்போட்டிருந்தார்கள். சின்னவன் கட்டிலில் குதித்துக் குதித்து ஒரு மரைக் கழற்றிவிட்டான். பெரியவள் அவள் போட்ட ரிவெட்டுகளை மட்டும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள். இரண்டாம் இரவு நல்ல மழை. நாலு பேரும் தூங்காமல் டார்ச்சை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு இல்லை. கதவோரம் தவிர.

அந்தக் கதவுதான் இப்போது என் பிரச்சினை. உங்களிடம் மறைத்த ஒரு விஷயம் இருக்கிறது. தரை போடும் அவசரத்தில் துணி அலமாரி, சமையல் மேடை இரண்டையும் ஒரே நாளில் கழற்றிவிட்டோம். கூரையைத் தாங்கி நிற்பவை அந்த அலமாரிகள்தான் என்று எங்களுக்குத் தெரியாது. மறுநாள் பார்த்தால் கூரை இரண்டு விரல் இறங்கியிருந்தது. கார் ஜாக்கையும் ஒரு கட்டையையும் வைத்து ஏற்றி, அலமாரிகளைத் திரும்ப மாட்டிவிட்டோம். கூரை நின்றுவிட்டது. ஆனால் ஓட்டின் வளைவும் கதவின் வளைவும் இப்போது ஒத்துப்போகவில்லை. மேல்பக்கம் கதவு படிகிறது, கீழ்மூலை ஒரு விரற்கடை வெளியே நிற்கிறது. தடித்த ரப்பர் வைத்துப் பார்த்தோம், பூட்டு விழவில்லை. கதவின் உள்தோலில் குறுக்காக மூன்று வெட்டு போட்டு, வேண்டிய வளைவுக்குக் கயிறு கட்டி இழுத்து நிறுத்தி, வெட்டின் மேல் மேட் போட்டால் அப்படியே நிற்குமா? அல்லது ஒரேயடியாக அச்சு எடுத்துப் புதுக் கதவு போடுவதா? செப்டம்பர் பாதிக்குள் சொல்லுங்கள், அதற்குப் பிறகு குளிர் வந்துவிடும். கதவை முன்பக்கம், பக்கவாட்டு, உள்பக்கம் என்று மூன்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

அன்புடன்,
பாப்பா