நிலக்கரியை நிறுத்துங்கள், ஆனால் சில்லஹல்லாவுக்கு முன் குந்தாவைப் பாருங்கள்

தமிழ்நாட்டு மின்துறையில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருக்கும் பெரியோர்களுக்கு, வணக்கம்.

நீலகிரியில் குந்தா வட்டத்தில் மலைக்காய்கறி போடும் விவசாயி நான். எங்கள் மலையில் புதிதாக அணை கட்டி, தண்ணீரை மேலேற்றி இறக்கி மின்சாரம் எடுக்கப் போகும் சில்லஹல்லா திட்டம் வேண்டாம் என்று வாயைத் திறந்தாலே, "அப்போ நிலக்கரியே எரியட்டும் என்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். இல்லை. நிலக்கரி போகத்தான் வேண்டும். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டும் கரி ரயிலேறி, பாரதீப்பில் கப்பலேறி, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் வந்து இறங்குகிறது. எரிந்து மிஞ்சிய சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்திருக்கிறது. அவர்கள் சாம்பலில் நிற்கட்டும், எங்கள் தோட்டம் தப்பினால் போதும் என்று கேட்க எனக்கு மனம் வராது.

கரெண்டைச் சேமித்து வைக்க ஒரு வழி வேண்டும் என்பதும் புரிகிறது. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழியிலும் உடுமலைப் பக்கத்திலும் காற்றாலைகள் நிற்காமல் சுழல்கின்றன. நடுப்பகலில் சூரிய மின்சாரம் கொட்டுகிறது. ஆனால் அனல்மின் நிலையத்தை நினைத்த நேரத்தில் அணைத்து, நினைத்த நேரத்தில் பற்றவைக்க முடியாது. பாதிக்கு மேல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அதனால் நல்ல காற்று வீசும் நாளிலேயே சில காற்றாலைகளை நிறுத்தி வைக்கிறார்கள். பொழுது சாய்ந்து எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரத்துக்கு மறுபடியும் கரிதான். பகலில் மிஞ்சும் கரெண்டை வைத்துத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, ராத்திரி கீழே இறக்கி மின்சாரம் எடுத்தால் இந்தச் சாயங்காலப் பற்றாக்குறை தீரும். ஏற்றுவதற்கு 100 யூனிட் செலவழித்தால் 75, 80 யூனிட் திரும்ப வரும். ஆனைமலையில் காடம்பாறை 400 மெகாவாட் நிலையம் 1980களிலிருந்து இப்படித்தான் ஓடுகிறது.

சரி, இதற்கு எங்கள் மலை புதுசு இல்லை. 1930களில் பைகாரா கரெண்டு இறங்கித்தான் கோயம்புத்தூர் மில்கள் பெருகின. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு குந்தா திட்டம் வந்தது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து, பார்சன்ஸ் வேலி என்று எங்கள் பள்ளத்தாக்குகள் ஒவ்வொன்றாக ஏரியாயின. கோடையில் எமரால்டு அணையில் தண்ணீர் வற்றும்போது, வெடித்த சேற்றுக்கு நடுவே பழைய மரங்களின் அடிக்கட்டைகள் கறுப்பாக எழுந்து நிற்கும். ஓரிடத்தில் கல்வரப்பு ஒன்றும் தெரியும். பெரியப்பா அந்த வரப்பைக் காட்டி, "அதுக்கு அந்தப் பக்கம் நம்ம காடு" என்பார். ஒவ்வொரு கோடையிலும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கொடுத்ததற்காக அவர் ஒருநாளும் வருத்தப்பட்டுப் பேசியதில்லை. "கேட்டிருந்தா நாமளே கொடுத்திருப்போம்" என்று மட்டும் சொல்வார். கேட்கவில்லை என்பதுதான் அவர் மனசில் கடைசிவரை இருந்தது.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மறுநாளும் விடவில்லை. தோண்டுவதற்கு இரண்டு வாரமே இருந்த கிழங்கு, செடியும் மண்ணுமாக அப்படியே வழுக்கிக் கீழே ஓடைக்குப் போய்விட்டது. மேட்டில் நின்று பார்த்தேன். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. ஈரத்துணியைத் தரையில் இழுப்பதுபோல ஒரு ஓசை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தச் சரிவில் நான் எதுவும் போடவில்லை. 2009 நவம்பரில் இதே மாவட்டத்தில் மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்ததை எங்கள் பெண்கள் இன்னும் மழை பெய்யும் ராத்திரிகளில் பேசுகிறார்கள். இப்படிப்பட்ட மண்ணில் புதிதாக இரண்டு அணை கட்டி, பாறையைக் குடைந்து சுரங்கம் வெட்டி, 1000 மெகாவாட் எடுக்கப் போவதாகத்தான் சில்லஹல்லா திட்டம் சொல்கிறது. கேரட்டும் பூண்டும் தேயிலையும் விளையும் பள்ளத்தாக்கு அது. ஊரார் குடிப்பதும் அந்த ஓடைத் தண்ணீரைத்தான்.

இதையும் குந்தா நீரேற்று மின்திட்டத்தையும் ஒன்றாகப் போட்டுப் பேசாதீர்கள். அது 500 மெகாவாட். போர்த்திமந்து மேல் அணை, அவலாஞ்சி–எமரால்டு கீழ் அணை. இரண்டும் எங்கள் அப்பா காலத்திலேயே கட்டியவை. அதற்காகப் புதிதாக ஒரு பள்ளத்தாக்கு முழுக வேண்டியதில்லை. அதன் கெடு எத்தனையோ முறை தள்ளிப்போனதையும் நாங்கள் பார்த்தோம். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: கையில் இருக்கும் இந்த 500 மெகாவாட்டை முழுசாக ஓட்டிக் காட்டுங்கள். காடம்பாறையின் நான்கு இயந்திரங்களையும் ஓடும் நிலையில் வையுங்கள். சூரிய மின்சாரம் விளையும் தென்மாவட்டங்களில், துணைமின் நிலையங்களுக்குப் பக்கத்திலேயே பேட்டரி வையுங்கள். அதற்கு யார் நிலத்தையும் தண்ணீரில் மூழ்கடிக்க வேண்டாம். இதெல்லாம் ஓடி, அப்புறமும் சாயங்காலப் பற்றாக்குறை எவ்வளவு நிற்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். அந்தக் கணக்கைக் கேட்க நாங்கள் தயார்.

அதுவரை சில்லஹல்லாவில் ஒரு மண்வெட்டியும் விழக்கூடாது. அதற்கப்புறமும் அது தேவைதான் என்று நீங்கள் நினைத்தால், 2019 மழையையும் சேர்த்து அந்தச் சரிவுகளைப் புதிதாக ஆராய்ந்து, அறிக்கையைத் தமிழில் கொடுங்கள். எந்த ஹட்டியின் (எங்கள் மலைக் கிராமத்தின்) எந்தத் தோட்டம் போகும், எந்த ஓடை நிற்கும் என்று வரைபடத்தில் குறித்துக் காட்டுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் மட்டும் பேசிவிட்டுப் போகாதீர்கள். இலை பறிக்கும் பெண்களையும், பாதி ராத்திரியில் தலையில் டார்ச் கட்டிக் கேரட் பிடுங்கப் போகும் கூலி ஆட்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள். நிலம் போனால் எங்களுக்காவது ஏதோ தொகை வரும். பட்டா இல்லாத அவர்களுக்கு வேலை போவதோடு சரி.

அக்டோபர் 2 அன்று எங்கள் ஊராட்சிகளில் கிராம சபை கூடும். விவரம் தெரிந்த ஒரு பொறியாளரை, அந்த வரைபடத்தோடு அனுப்பி வையுங்கள். கேள்விகளை இப்போதே எழுதி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
குந்தா வட்டத்து விவசாயி ஒருவன்