கருவி வாங்க அன்று, கருவியைக் காக்க: எங்கள் ஊர்ப் பள்ளிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

காரைக்குடிக்கு அருகே, பழைய செட்டிநாட்டு வீடொன்றில் நடக்கும் எங்கள் பள்ளிக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கணினிகளும் ஒரு ஸ்மார்ட் போர்டும் நன்கொடையாக வந்தன. பொருத்த வந்தவர்கள் வைஃபை கருவியை முகப்பிலேயே மாட்டிவிட்டுப் போனார்கள். முகப்பைத் தாண்டிய உள்முற்றமான வளவுக்குள் கைப்பேசிக்கே சிக்னல் எடுக்காது. சுண்ணாம்புச் சாந்து பூசிய அந்தக் கனத்த சுவர்களைத் தாண்டி, அதற்கும் பின்னுள்ள இரண்டாம் கட்டு வகுப்புகளுக்கு இணையம் போகாதென்பதை, அங்கே பாடம் நடத்தும் ஆசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இன்று யுபிஎஸ் பேட்டரிகள் உப்பிக் கிடக்கின்றன. ஸ்மார்ட் போர்டின் மேல் பழைய வேட்டியொன்று போர்த்தியிருக்கிறது. பக்கத்துக் கரும்பலகையில்தான் ஆறாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடக்கிறது.

கொடுத்தவர்களின் நல்ல மனத்தில் குறையில்லை. யாருக்குத் தேவை, பழுதானால் யார் பார்ப்பது, செலவு எங்கிருந்து வரும் என்பவை முடிவாகாமல் பொருள் வந்ததே குறை. பெரு நாட்டில் பிள்ளைக்கொரு மடிக்கணினி கொடுத்த பின், 319 கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு, கணக்கிலும் மொழிப்பாடத்திலும் தேர்ச்சி உயரவில்லை என்றே காட்டியது.

ஆகவே ஆசிரியர்களும் பெற்றோரும் ஊராரும் சேர்ந்து இக்குழுவை அமைத்திருக்கிறோம். பாடம் நடத்துபவர் எழுதிக் கேட்காத எதையும் வாங்குவதில்லை. வாங்கும் பொருளுக்கு ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் முன்கூட்டியே ஒதுக்குவோம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டதால், புதிய பதிப்பை ஏற்காத எங்கள் கணினிகளைக் கழித்துக் கட்டாமல், கேரள அரசுப் பள்ளிகளைப் போல லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்ற முடிவு செய்திருக்கிறோம். பிள்ளைகளின் பெயரும் படமும் கேட்கும் செயலி எதையும், பெற்றோர் ஒப்புதல் தராமல், வகுப்பில் அனுமதிக்க மாட்டோம்.

காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரிக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த வள்ளல் அழகப்பர் பிறந்த மண் இது. பெரிய கொடைக்கு இங்கே பஞ்சமில்லை. நாங்கள் கேட்பது சிறிய, நிற்காத கொடை. கோயிலுக்குக் குடும்பக் கணக்கில் புள்ளிவரி கட்டுவது போல, வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் வீதம் ஐந்தாண்டுகளுக்குத் தந்துதவ வேண்டுகிறோம். முதலில் பேட்டரிகளை மாற்றி, இரண்டாம் கட்டுவரை கேபிள் இழுப்போம். மீதி, பழுது பார்க்கவும் ஆசிரியர் பயிற்சிக்கும் வைப்பாக இருக்கும். வரவு செலவு மாதந்தோறும் பள்ளி முகப்பில் ஒட்டப்படும்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர்களிடம் பணம் பெறுவதற்கான சட்டப் பதிவு எங்களிடம் இல்லை; அன்புகூர்ந்து பொறுத்தருள்க. கணினியோ டேப்லெட்டோ பொருளாகவே அனுப்ப விரும்புவோர், அனுப்புமுன் எங்களுக்கு ஒரு வரி எழுதினால், அது எந்த வகுப்புக்கு உதவும் என்று ஆசிரியர்களிடம் கேட்டுத் தெரிவிக்கிறோம்.

இப்படிக்கு,
குழுவினர்