அலையில் நிற்கும் கார்ப் படமும் விலைப் பட்டியலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகின் விலை உயர்ந்த கார்கள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பக்கத்தைப் படித்தோம். விலைகளைவிட எங்கள் கண்ணை உறுத்தியது மேலே போட்டிருந்த படம். தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனையின் மணலில் தாழ்வான ஒரு கார், முன்சக்கரம் இரண்டும் அலையில். படம் எடுத்தவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காரை அங்கே இறக்கியவருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது; அதைப் பார்த்துவிட்டு அடுத்து இறக்கப் போகிறவர்களுக்கு அதைவிட அதிகம்.

முதலில் பட்டியலில் இருந்த ஒரு குழப்பம். ஏலத்தில் போன பழைய காரையும் கம்பெனி புதிதாகச் செய்து விற்ற காரையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறீர்கள். 1955-இல் இரண்டே இரண்டு செய்யப்பட்ட மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாவுட் கூபே 2022 மே மாதம் 13.5 கோடி யூரோவுக்குப் போனது. அன்றைய மதிப்பில் அது ரூ.1,000 கோடிக்கு மேல். நம் புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஆன செலவு சுமார் ரூ.550 கோடி. அந்த மெர்சிடிஸுக்குக் கொடுத்தது பழம்பொருள் விலை. புகாட்டி 2019-இல் ஒன்றே ஒன்று செய்த லா வாச்சூர் நுவார் 1.1 கோடி யூரோ, அதுவும் வரிக்கு முன்பு. 2021-இல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் போட் டெயில் சுமார் 2 கோடி பவுண்டு என்று செய்திகள் வந்தன. கம்பெனி விலையை வெளியிடவில்லை.

வெளிநாட்டு விலையை அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கி 'இந்தியாவில் இவ்வளவு' என்று போட்டதும் சரியல்ல. 2025 பட்ஜெட்டின் பொது விகிதப்படி, 40,000 டாலருக்கு மேற்பட்ட, முழுதாக இறக்குமதியாகும் காருக்கு சுங்க வரி 70, அதோடு வேளாண் கூடுதல் வரி 40, ஆக 110 விழுக்காடு. துறைமுகத்தில் 1 கோடி மதிப்புள்ள கார் இதிலேயே 2.10 கோடி ஆகிவிடும். அதன்மேல் 40 விழுக்காடு ஜிஎஸ்டி போட்டால் 2.94 கோடி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 விழுக்காடு; ஏறக்குறைய மூன்றரைக் கோடி. டீலர் லாபமும் இன்சூரன்ஸும் தனி. புகாட்டி ஷிரான் இடப்பக்க ஸ்டியரிங்கில் மட்டுமே செய்யப்பட்டது, ஆகவே புதிதாக இறக்குமதி செய்து இங்கே பதிவு செய்ய வழியில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெளிநாட்டு நம்பர் பிளேட்டோடு எப்போதாவது தென்படுபவை கார்னே என்ற தற்காலிக இறக்குமதி அனுமதியில் வந்து, ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போக வேண்டியவை.

இனி உப்புக்கு வருவோம். 'பாடி முழுக்க கார்பன் ஃபைபர், துரு எங்கே பிடிக்கும்?' என்று கேட்கிறார்கள். கார்பன் துருப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் கார்பன் மின்சாரம் கடத்தும். அதோடு அலுமினியம் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். விசைப்படகின் அடியில் துத்தநாகக் கட்டி எதற்காக வைக்கிறோமோ, அதே கணக்கு. படகில் கட்டி கரைந்தால் மாற்றிக்கொள்கிறோம். காரில் கரைவது சஸ்பென்ஷனைப் பிடித்திருக்கும் பிராக்கெட். இதனால்தான் இந்த வகைக் கார்களில் டைட்டானியம் போல்ட் போடுகிறார்கள், இரண்டுக்கும் நடுவே கண்ணாடி இழைப் படலம் வைக்கிறார்கள். இத்தாலியக் கார்க் கம்பெனியான பகானி தன் டைட்டானியம் போல்ட்டில் பெயரே பொறித்து வைக்கிறது. அந்தப் படலம் ஒரு கல் பட்டுக் கிழிந்தாலே போதும்.

பாம்பன் காற்று இரும்பை எப்படித் தின்னும் என்பது பாலம் கட்டியவர்களுக்குத் தெரியும். புதிய பாலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, முழுக்க வெல்டிங் வைத்த இணைப்பு, பாலிசிலாக்சேன் பூச்சு என்று போனது அதற்காகத்தான். காருக்கு அந்தப் பூச்சு கிடையாது. போட் டெயில் என்று பெயரில் படகு இருப்பதால் கடலோரத்துக்குப் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் பின்மேல்தளம் நுண்துளைகளை மூடாமல் விட்ட மரத் தகடு.

கச்சான் (தென்மேற்கு) காற்று வீசும் மாதங்களில், தனுஷ்கோடி போகும் வழியில் முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டியதும் தார்ச்சாலையில் மணல் திட்டுத் திட்டாக ஏறி நிற்கும். ஷிரானின் பின் டயர் 355/25 ஆர்21. அதாவது அகலம் 355 மில்லிமீட்டர், பக்கச் சுவர் உயரம் 89 மட்டும். ஜீப்பில் செய்வதுபோல் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கி மணலில் ஏறலாம் என்று நினைத்தால் டயர் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். புதைந்த பிறகு ஆக்சிலரேட்டரை மிதிப்பது குழியை ஆழப்படுத்துவது தவிர வேறொன்றும் செய்யாது. அடித்தட்டு மணலில் உட்கார்ந்துவிடும். முன்பக்கத்தைத் தூக்கும் வசதி நாலைந்து சென்டிமீட்டர்தான் உயர்த்தும். அது வேகத்தடைக்காக வைத்தது.

பிறகு டிராக்டர் வரும், கயிறு வரும். கயிற்றை சஸ்பென்ஷன் கையில் கட்டாதீர்கள், அது கயிறு கட்டி இழுப்பதற்குச் செய்ததல்ல, வளைந்துவிடும். டூல்கிட்டில் திருகிப் போடும் கொக்கி ஒன்று இருக்கும். பம்பரில் சிறு மூடியைக் கழற்றி அதைப் போட வேண்டும். சில கார்களில் அதன் மரை இடது பக்கம் சுற்றுவது, அது தெரியாமல் பலம் கொடுத்தால் மரையே போய்விடும். சக்கரத்தின் பின்னே பலகை போட்டு, மெதுவாக, வந்த தடத்திலேயே பின்னால் இழுக்க வேண்டும். ஏற்றுவது பிளாட்பெட் லாரியில் மட்டும், நீளமான சாய்வுப் பலகையோடு.

கடல் தண்ணீர் காற்று உறிஞ்சும் வாய்வரை வந்துவிட்டால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளையும். 2009 நவம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் கடலோரத்தில் ஒருவர் புகாட்டி வெய்ரானை உப்பங்கழியில் விட்டார். தாழப் பறந்த கூழைக்கடாவைப் பார்த்து ஸ்டியரிங்கை ஒடித்ததாகச் சொன்னார். எஞ்சின் உப்புத் தண்ணீருக்குள் ஏறத்தாழ 15 நிமிடம் ஓடி நின்றது. சாலையில் போனவர் எடுத்த வீடியோவில் பறவையும் இல்லை, பிரேக் போட்ட அடையாளமும் இல்லை. 10 லட்சம் டாலருக்கு வாங்கியதை 22 லட்சம் டாலருக்கு இன்சூர் செய்திருந்தார். 2014-இல் மோசடியை ஒப்புக்கொண்டார். சித்திரங்குடிப் பக்கம் நமக்கும் கூழைக்கடா வரும், ஆனால் இந்தக் கதை இங்கே எடுபடாது.

ரிமாக் நெவேரா போன்ற மின்சாரக் கார் என்றால் ஆபத்து வேறு விதம். உப்புத் தண்ணீர் புகுந்த பேட்டரி பல நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். 2022-இல் ஃபுளோரிடாவில் இயன் புயலுக்குப் பிறகு அப்படி நடந்தது. நனைந்த மின்காரை வீட்டிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் குறைந்தது 15 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் நிறுத்துங்கள்.

அலையில் இறக்காவிட்டாலும், அரிச்சல்முனை வரை போய் வந்த கார் அன்றே கழுவப்பட வேண்டும். இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இங்கே பல இடங்களில் போர்வெல் தண்ணீரே உப்பு. அதில் கழுவிக் காயவிட்டால் உப்பின்மேல் உப்பு படியும். முதல் அலசல் எதில் இருந்தாலும் கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். 20 லிட்டர் ஆர்ஓ கேன் மூன்று போதும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 50-க்குக் கீழே காட்டினால் நிம்மதி. பிரேக் ஆறும்வரை அரை மணி நேரம் பொறுத்து, கீழிருந்து தொடங்க வேண்டும்: சக்கர வளைவுக்குள், பிறகு அடிப்பாகம், கடைசியில்தான் மேல்பாகம். துணியால் தேய்ப்பதற்கு முன் மணல் முழுதும் தண்ணீரிலேயே போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புத்தாள் தேய்த்த கதைதான். ரேடியேட்டரில் பிரஷர் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கும். ஷிரானில் ரேடியேட்டர் மட்டும் பத்து. கை போகும் இடத்தில் உள்ளிருந்து வெளியே, காற்று வரும் திசைக்கு எதிராக, சாதாரண ஹோஸ் தண்ணீர் விடுங்கள்.

எல்லோரும் மறப்பது அடித்தட்டை. காரின் வயிற்றை மூடியிருக்கும் அந்தத் தகட்டின் மேல்பக்கத்தில் ஈர மணல் தேங்கிக் கிடக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. லிப்டில் ஏற்றி, திருகெல்லாம் கழற்றி, இறக்கிக் கழுவினால்தான் போகும். கார்பன் செராமிக் பிரேக் தட்டு துருப்பிடிக்காது என்றாலும் பேடுக்கும் தட்டுக்கும் இடையே மாட்டிய பொடிக்கல் கீறிவிடும். கடைந்து சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். அமிலம் கலந்த வீல் கிளீனரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். கழுவி முடித்ததும் பத்து நிமிடம் ஓட்டி, லேசாகப் பிரேக் பிடித்து ஈரத்தைப் போக்கிய பிறகுதான் கவர். ஈரத்தோடு கவர் போடுவதைவிட வெயிலில் நிற்பது மேல்.

இன்னொன்று, காருக்குச் சம்பந்தமில்லாதது. ஆண்டின் முதல் மாதங்களில் அந்த மணலில் ஆமை முட்டையிடும். சக்கரத் தடம் அதன் மேலும் போகிறது.

அந்தப் படத்தை மறுபடி வெளியிட நேர்ந்தால், கார் அன்றே நல்ல தண்ணீரில் கழுவப்பட்டதா என்று உரிமையாளரிடம் கேட்டு, பதிலைப் படத்தின் கீழே போடுங்கள். விலை ஏற்கெனவே போட்டாயிற்று.

இப்படிக்கு,
கார்ப் பட்டறை நடத்துவோர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்