கொடைக்கானல் ஏரிக்கு ஒரு குடிமராமத்து: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கொடைக்கானலுக்கு ஒருமுறை வந்து போனவர்கள் வீட்டில் ஏரிக்கரைப் படம் ஒன்றாவது இருக்கும். மிதிபடகில் புதுமணத் தம்பதி, வாடகை சைக்கிளோடு பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள், குதிரை மேல் பயந்த முகத்தோடு ஒரு குழந்தை. அந்தப் படத்தில் பின்னால் தெரிகிற தண்ணீருக்காகத்தான் உங்களிடம் வருகிறோம்.

இது மலை தானாகத் தந்த ஏரி அல்ல. மதுரை ஆட்சியராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் இங்கே ஓடைகளை மறித்துக் கரை போட வைத்தார். முதல் படகு தூத்துக்குடியிலிருந்து மலையேறி வந்தது. ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பு, சுற்றி நடந்தால் 5 கிலோமீட்டர். மனிதர் கட்டிய ஏரியை மனிதர்தான் பராமரிக்க வேண்டும். கீழே சமவெளியில் கண்மாய்க்குக் குடிமராமத்து என்ற வழக்கம் இருந்தது. ஊர் கூடித் தூர் எடுத்தார்கள், கரையைப் பலப்படுத்தினார்கள். கண்மாய் நீர் பாயும் பரப்பான ஆயக்கட்டில் நிலம் வைத்திருந்தவர்கள் அதைத் தங்கள் கடமையாகச் செய்தார்கள். எங்கள் ஏரிக்கு அப்படி ஓர் ஆயக்கட்டு இல்லை. அதன் அழகை அனுபவித்தவர்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறார்கள். எங்களைப் பொறுத்தவரை இந்த ஏரியின் ஆயக்கட்டுதாரர்கள் நீங்கள்தான்.

ஏரியின் நோய் நடுத் தண்ணீரில் தொடங்குவதில்லை. நட்சத்திரம்போல் விரிந்த அதன் கைகளைப் பாருங்கள். ஓடைகளும் மழைநீர் வடிகால்களும் அந்த ஒடுங்கிய நுனிகளில்தான் வந்து சேர்கின்றன. வேகம் தணிந்த நீர், சுமந்து வந்த மண்ணை அங்கேயே இறக்கிவிடுகிறது. வீடும் விடுதியும் கட்டச் சரிவை வெட்டிய மண், சோப்பு நீர், கழிவுநீர், நொறுக்குத்தீனி உறைகள் எல்லாம் அதோடு வருகின்றன. கழிவில் உள்ள சத்து ஏரிக்கு உரமாகிவிடுகிறது; பாசியும் களையும் தழைக்கின்றன. அவை அழுகும்போது நீரில் உள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் திணறுகின்றன. களையை அள்ளி அள்ளிக் கரையில் போட்டாலும், உரம் வந்துகொண்டிருக்கும்வரை அது மறுபடி முளைக்கும். ஏரி நிரம்பி வழிகிற நீர்தான் மலைப்பாதையில் நீங்கள் வண்டியை நிறுத்திப் பார்க்கிற வெள்ளி அருவி. ஏரியில் விழுவது அருவியிலும் விழும்.

கட்டுப்பாடுகள் இல்லாமல் இல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் தமிழகம் முழுவதும் தடை உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் மலைக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். நல்ல முடிவுகள், மனதார வரவேற்கிறோம். ஆனால் மழை பெய்தால் சரிவிலிருந்து இறங்குகிற மண்ணுக்கு இ-பாஸ் கேட்க முடியாதே. அதை வாசலிலேயே மறிக்க வேண்டும்.

அதுதான் எங்கள் வேலை. முதலில் ஒரே ஒரு கையை எடுத்துக்கொள்கிறோம். அங்கே வடிகால் ஏரியைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே கருங்கல் கட்டிய வண்டல் குழி. அதன் வாயில், கழற்றிச் சுத்தம் செய்யத் தோதான கம்பி வலை. குழியைத் தாண்டி வரும் நீரில் மிச்சமிருக்கும் சத்தை உறிஞ்ச நாணல் படுகை. வெறுமையாகக் கிடக்கும் கரைச் சரிவில் நாவல், காட்டுப்பூவரசு போன்ற சோலை மரக்கன்றுகள். புல்வெளியில் மரம் நட மாட்டோம். மழையைப் பிடித்துவைத்து மெல்ல விடுவது அந்தப் புல்தான். நகராட்சியின் எழுத்துப்பூர்வ அனுமதி கைக்கு வந்த பிறகே ஒரு கல்லை வைப்போம்.

குழி வெட்டுவதைவிடக் குழியைப் பராமரிப்பதுதான் பெரிய செலவு. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வண்டலை அள்ள ஆள் வேண்டும், அவர்களுக்கு நியாயமான கூலியும் கையுறையும் முழங்கால் பூட்ஸும் வேண்டும். அதனால் திரட்டும் தொகையில் பாதியைப் பராமரிப்புக்கென்றே தனிக் கணக்கில் வைக்கிறோம். கட்டி முடித்துப் படம் எடுத்துக்கொண்டு கைவிட்ட வேலைகளை இந்த மலையில் நிறையப் பார்த்துவிட்டோம்.

சைக்கிள் வாடகைக்கு விடுபவர், குதிரைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியை, விடுதிப் பணியாளர் என்று ஏரிச்சாலையில் தினமும் நடமாடுகிறவர்கள்தான் இந்தக் குழுவில் இருக்கிறோம். யாருக்கும் சம்பளம் இல்லை. எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது உண்டு. பணம் எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும். வரவுசெலவு மாதந்தோறும் கரையில் ஒட்டப்படும். 'உபயம்' என்று பெயர் பொறித்த பலகை மட்டும் வைக்க மாட்டோம், பொறுத்தருள வேண்டும். கரையில் ஏற்கெனவே பலகைகள் அதிகம். பணம் தர இயலாதவர்கள் கம்பி வலை, கருங்கல், கடப்பாரை, மண்வெட்டி தரலாம். உள்ளூர்க்காரர்கள் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் தந்தால் அதுவும் நன்கொடையே.

ஐப்பசி மழை தொடங்குவதற்குள் முதல் குழி தயாராக வேண்டும். அந்த ஒரு மழையைத் தவறவிட்டால் இன்னொரு வருட மண் ஏரிக்குள் போய்விடும். அடுத்த முறை படகேற வரும்போது வடிகால் வாய்க்கும் வந்து, வலையில் என்னவெல்லாம் சிக்கியிருக்கிறது என்று பாருங்கள்.

அன்புடன்,
ஏரிக்கரைக் குழுவினர்,
கொடைக்கானல்