அப்பாவுக்கு, ஜெனீவாவில இருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்க நல்ல சுகம். அம்மாட முழங்கால் நோ இப்ப எப்பிடி? மழை வந்து காலி வீதியெல்லாம் தண்ணி நிக்குதெண்டு தங்கச்சி வொய்ஸ் மெசேஜ் போட்டிருந்தா, பாத்து இறங்கி நடவுங்கோ. ஒவ்வொருமுறை கதைக்கேக்கையும் "மகன் அங்க என்ன வேலையெண்டு வெள்ளவத்தைச் சனம் கேக்குது, என்னத்தைச் சொல்ல?" எண்டு கேக்கிறனீங்கள். வாட்ஸ்அப்பில சொல்லி முடிக்கிற விசயமில்ல அது, அதான் ஆறுதலா இருந்து எழுதுறன்.

நான் வேலை செய்யிற சேர்ன் எண்டது துகள்கள ஆராயிற ஐரோப்பிய ஆய்வுகூடம். அங்க நிலத்துக்குக் கீழ கிட்டத்தட்ட 100 மீட்டர் ஆழத்தில 27 கிலோமீட்டர் சுத்தளவுக்கு ஒரு வளையம் இருக்கு, பாதி சுவிஸ் பாதி பிரான்ஸ் எண்டில்ல, கூட பிரான்ஸ் பக்கம்தான். அதுக்குள்ள புரோட்டான் கொத்துகள் எதிரெதிரா ஓடி 25 நானோசெக்கனுக்கு ஒருக்கா மோதும், செக்கனுக்கு 4 கோடி தரம். 25 நானோசெக்கனில வெளிச்சமே ஏழரை மீட்டர்தான் போகும் அப்பா, மோதல்ல பறக்கிற துகள்களப் பதியிற சிஎம்எஸ் எண்ட டிடெக்டர் 21 மீட்டர் நீளம், அப்ப ஒரு மோதல்ல பறந்த துகள் எல்லாம் டிடெக்டர விட்டு வெளிய போக முதலே அடுத்த மோதல் நடந்து முடிஞ்சிரும். இத முதல்ல கேட்டண்டு எனக்கு நித்திரை வரேல்ல.

இவ்வளவையும் எழுதி வைக்க எந்தக் கொம்பியூட்டராலயும் ஏலாது. அதால 4 கோடியில கூடினது ஒரு லட்சத்த மட்டும் எடுத்து மிச்சத்த விடுற முடிவ ஏறத்தாழ 4 மைக்ரோசெக்கனுக்குள்ள எடுக்கோணும், கேபிளுக்கால சிக்னல் போய் வாற நேரமும் அதுக்குள்ளதான். அந்த முடிவெடுக்கிற எலக்ட்ரோனிக்ஸ்தான் ட்ரிகர். பேந்து மேல கொம்பியூட்டர்கள் அந்த லட்சத்தையும் சில ஆயிரமா வடிகட்டும். நீங்கள் ஹாபர் கஸ்டம்ஸில இருந்த ஆள், எல்லாக் கொன்டெய்னரையும் திறக்க ஏலாது, பேப்பரப் பாத்துத்தான் எதத் திறக்கிறதெண்டு முடிவெடுப்பீங்கள், இதுவும் அப்பிடித்தான். ஆனா உங்கட யார்ட்ல விட்டத நாளைக்கும் தேடிப் பிடிக்கலாம், இங்க ட்ரிகர் விட்டா அந்த மோதல் போனதுதான். 2012 ஜூலை 4 அறிவிச்ச ஹிக்ஸ் போசன் எண்ட துகளும் இந்த வாசலால வந்ததுதான்.

முடிவெடுக்கிறது எஃப்பிஜிஏ எண்ட சிப். ஃபக்டரியால வந்த பிறகும் உள்ளுக்குள்ள லொஜிக்க நாங்களே மாத்தி எழுதலாம், மொறட்டுவயில படிச்ச, அந்த லொஜிக்க எழுதுற விஎச்டிஎல் மொழிதான் இங்கயும் சோறு போடுது. சாதாரண புரொசசர் ஒருக்கா கெதியா முடிக்கும் ஒருக்கா இழுக்கும், இதில ஒவ்வொருமுறையும் ஒரே நேரம்தான் எடுக்கோணும்.

ஆனா என்ட நாள் கூடப் போறது எழுதுறதில இல்ல, சரிபார்க்கிறதில. சிப் செய்யிற அதே கணக்க சாதாரண கொம்பியூட்டரில செய்து காட்டுற எமுலேட்டரா சி பிளஸ் பிளஸில எழுதி வச்சிருக்கிறம், ரெண்டுக்கும் ஒரே இன்புட்டக் குடுத்து வாற விடை ஒவ்வொரு பிட்டும் ஒத்துப் போகோணும், கிட்டத்தட்டச் சரி எண்ட கதைக்கே இடமில்ல. ஒரு உதாரணம் சொல்லுறன். எனர்ஜி எல்லாத்தையும் கூட்டுற இடத்தில 16 பிட் இருந்தா 65535 வரைக்கும்தான் எண்ணலாம், அதுக்கு மேல ஒண்டு கூடினா திரும்ப பூச்சியம். அப்ப எல்லாத்திலயும் பெரிய மோதல் வெறுமையான மோதல் மாதிரித் தெரிஞ்சு குப்பைக்குப் போயிரும், நாங்கள் தேடுறதே அதைத்தான்! உச்சத்தில போய் நில் எண்டு லொஜிக்கில சொல்லோணும். வழமையான டேட்டாவில இந்தப் பிழை வெளிய வராது, வேணுமெண்டே உச்சத்துக்குத் தள்ளுற டெஸ்ட் எழுதினாத்தான் பிடிபடும். டிடெக்டர் வட்டமா இருக்கிறதால 360 பாகை திரும்ப 0 ஆகிற தையலுக்கு மேல விழுற துகள்க்கூட்டத்தை ரெண்டாப் பிரிச்சு எண்ணாம இருக்குதோ எண்டும் பாக்கோணும்.

சிப் சரியா இருந்தாலும் காணாது. 2016, 2017ல சிஎம்எஸ்ஸில துகள்கள்ட எனர்ஜிய அளக்கிற கலோரிமீட்டர் சிக்னல்ட நேரம் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து, சில மோதல்கள முந்தின மோதல் எண்டு ட்ரிகர் எடுத்திட்டுது. அடுத்தடுத்து ரெண்ட எடுக்கக் கூடாதெண்டு ஒரு விதி இருக்கு, அதால உண்மையான மோதல் தவறிப் போச்சு. பேந்து அந்த டேட்டாவப் பாவிச்ச ஆய்வுகளில அதுக்குத் திருத்தம் போட வேண்டி வந்தது. இதப் படிச்ச பிறகு டெஸ்ட் எழுதுறது ரெண்டாந்தர வேலையெண்டு ஆராவது சொன்னா எனக்குக் கோவம் வரும்.

இப்ப செய்யிற போர்டுகள் 2030ல தொடங்கத் திட்டமிருக்கிற மோதல்களக் கூட்டப் போற ஹை லூமினோசிட்டிக் காலத்துக்கு. ரெண்டு கொத்து ஒருக்காச் சந்திக்கேக்கயே 200 புரோட்டான் மோதல் வரை ஒண்டுக்கு மேல ஒண்டா விழுமாம், முடிவெடுக்க 12.5 மைக்ரோசெக்கன் கிடைக்கும், துகள் போன தடத்தையும் முதல் கட்டத்திலயே பாக்கலாம்.

வாழ்க்கையும் பிடிச்சுப்போச்சு. 18ஆம் நம்பர் ட்ராம் கேட் வாசல்லயே இறக்கி விடும், பீஸ் எண்ட காத்து அடிச்சா மட்டும் காது விறைக்கும். இத்தாலிக்காரர், போலந்துக்காரர் எல்லாரும் ஒரு மேசையில, எவ்வளவு பெரிய பேராசிரியர்ட கோட் எண்டாலும் நேத்து வந்த பொடியன் பிழை சொல்லலாம், அவரும் நன்றி சொல்லித் திருத்துவார். இது எனக்குச் சரியாப் பிடிச்சிருக்கு, எங்கட இடங்களிலயும் வரோணும்.

அரிசி, தேங்காய்ப்பால் எல்லாம் தமிழ்க் கடையில எடுக்கலாம், அம்மாட கறித்தூள் மட்டும் இல்ல. மாமாட மகன் அடுத்த மாசம் வாறாரெண்டு சொன்னனீங்கள், அவரிட்ட ஒரு கிலோ குடுத்து விடுங்கோ, நல்லா ரெண்டு பையில கட்டி.

அன்பு மகன்